படிச்சவவுக்குக் கால் நோ

கோழிகளோடு மட்டும் கொஞ்சிக் கதைத்த என் மாமிக்கு,

உங்கள் படிச்சவவுக்குக் கால் நோ. நான் என்னைச் சொல்லவில்லை, சிவப்புக் கோழியைச் சொல்கிறேன்.

மற்றக் கோழிகள் கிளறித் தின்னும்போது அது மட்டும் தள்ளி நின்று தலையைச் சரித்துப் பார்க்கிறது என்று அந்தப் பெயரை வைத்தீர்கள். நான் கந்தோரில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிற நேரம் பார்த்து, "எடி படிச்சவ, இப்பதான் வாறியோ? தீன் ஆறிப்போச்சு" என்று முற்றத்தைப் பார்த்துக் கூப்பிடுவீர்கள். கோழித் தீன் எப்போது மாமி சுடச்சுட இருந்தது? இதை உங்களிடம் கேட்கப் பல நாள் நினைத்தேன். கேட்கவில்லை.

போன மாதம் அது ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிடித்துப் பார்த்தால் பாதத்தின் அடியில் வீக்கம், வீக்கத்தின் நடுவில் மிளகு மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

"உந்த நொண்டிக் கோழியோடை ஏன் பிள்ளை மினைக்கெடுறாய்? சட்டி இருக்கெல்லே."

"பேர் வைச்ச கோழியை மாமி ஒருநாளும் சட்டியிலை போட்டதில்லை அக்கா."

"அப்ப பேரை மாத்து."

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

மிருக வைத்தியருக்குப் படம் அனுப்பினேன். காயத்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது, வீட்டிலேயே பார்க்கலாம், ஆனால் கத்தி வைக்கக் கூடாது, வீக்கம் மேலே ஏறினால் உடனே கொண்டுவர வேண்டும் என்றார். உங்கள் மகன் கோழியின் தலையைத் துவாயால் மூடி மடியில் வைத்துக்கொண்டார். நான் கையுறை போட்டு, உப்புப் போட்ட இளஞ்சூட்டுத் தண்ணீரில் காலை ஊறவிட்டேன்.

"மெல்லப் பிடியுங்கோ."

"மெல்லத்தான் பிடிக்கிறன். உன்ரை ஆள்தான் உதைக்குது."

"என்ரை ஆளோ? உங்கடை அம்மான்ரை ஆள்."

"ரெண்டும் ஒண்டுதான். பேரைப் பார்."

இப்படியே தினமும் செய்ய, பொருக்கு இளகித் தானாக வந்தது. கழுவி, மருந்து பூசி, துணி வைத்துக் கட்டி, வைக்கோல் பரப்பிய பெட்டியில் விட்டோம். கட்டுத் துணியையும் தினமும் மாற்றினோம். வீக்கம் வற்றியது. வெளியே விட்ட அன்றிரவே மற்றக் கோழிகளோடு முற்றத்து மாமரத்தில் ஏறிப் படுத்தது. சுகம் என்றே நினைத்தேன். ஒரு கிழமை போகவில்லை, மறுபடி நொண்டியது. இந்த முறை மற்றக் கால்.

காரணத்தைக் காதால்தான் கண்டுபிடித்தேன். விடிய, கையில் தேத்தண்ணியோடு குசினி வாசலில் நின்றேன். கோழிகள் மரத்தால் குதித்து இறங்கின. டப். டப். உங்கள் காலத்தில் அவை இறங்கும்போது இப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை.

முற்றத்துக்குச் சீமெந்து போட்டதை உங்களுக்கு இன்னும் சொல்லவில்லை, என்ன? ஒவ்வொரு மாரிக்கும் உங்கள் மகன் சீமெந்து போடுவோம் என்பார். கோழி கிளற மண் வேண்டும் என்று நீங்கள் மறிப்பீர்கள். பிறகு போன மாரி மழையில் கிணற்றடிக்குப் போகிற வழியில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, படுத்த படுக்கையானீர்கள். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் அவர் முற்றம் முழுவதற்கும் சீமெந்து போட்டுவிட்டார். யாரும் தடுக்கவில்லை. தடுக்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தானே.

அவரிடம் சொல்லப் பயமாக இருந்தது. ஒரு கோழியின் காலுக்காக அந்தச் சீமெந்தைப் பற்றி எப்படிப் பேசுவது? ஆனால் பேசாவிட்டால், நான் கட்டுகிற கட்டுகளையெல்லாம் அந்தத் தரை அவிழ்த்துக்கொண்டே இருக்கும்.

கடைசியில் சொல்லிவிட்டேன். "கூட்டிலை அடைச்சால் என்ன?" என்றார்.

"அடைச்சுப் பாத்தாச்சு. செட்டை அடிச்சுக் கம்பியிலை பட்டுக் காயம்."

"அம்மாவைக் கேட்டுக்கொண்டு இராமல் அப்பவே சீமெந்து போட்டிருந்தால் அவ விழுந்திருக்க மாட்டா," என்றார்.

அடுத்த நாள் விடிய அவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வாசலில் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக இறங்கின. படிச்சவ கடைசி. கிளையில் நின்று கீழே பார்த்துப் பார்த்து, பிறகு குதித்தது. விழுந்த இடத்திலேயே காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார். மரத்தின் நிழல் விழுகிற அளவுக்குச் சீமெந்தை உடைத்தார். நான் கல்லைப் பொறுக்கினேன். கிணற்றடி வழிக்குக் கிட்ட வந்ததும் நிறுத்தினார்.

"இதிலைதான் அம்மா விழுந்தவ. இது இப்பிடியே இருக்கட்டும்."

"ஓம். இருக்கட்டும்."

மரத்தடிக்கு மணல் கொட்டிப் பரவினோம். அடுத்த நாள் விடிய வாசலில் நின்று காது கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் கோழிகள் எல்லாம் கீழே நிற்கின்றன.

மற்றக் காலையும் ஊறவிட்டு, கட்டு மாற்றி, இப்போது ஆறி வருகிறது. இன்னும் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கிறது. நேற்றுப் பின்னேரம் நான் கந்தோரால் வந்து செருப்பைக் கழற்ற, உங்கள் மகன் தீன் சட்டியோடு முற்றத்தில் நின்று, "படிச்சவ, வா, தீன் ஆறிப்போச்சு" என்று கூப்பிட்டார். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

மாரி வருகிறது, மாமி. மரத்தடி மண் உங்கள் கோழிகளுக்கு. கிணற்றடி வழிச் சீமெந்து உங்கள் மகனுக்கு. அதில் பாசி பிடிக்காமல் நான் தேய்த்துக் கழுவுவேன். இந்த வீட்டில் இனி யாரும் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வேன்.

இரண்டு படிச்சவவில் நொண்டாதவ,
உங்கள் மருமகள்.