அப்பா படத்துக்குக் கொடுத்த பழுப்பு

மார்ச் 3, செவ்வாய்

அப்பா படத்தின் மாதிரி பிரிண்ட் அக்காவுக்குக் கிடைத்துவிட்டது. போன் செய்தாள். “இந்தக் கலர் வேண்டாம். மாத்து.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

மூன்று வாரம்! கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பட்டனைத் தட்டியதும் இங்க்ஜெட் பிரிண்டரில் வந்து விழும் என்று அவளுக்கு நினைப்பு. நிழலில் பழுப்பு, வெளிச்சத்தில் துளி மஞ்சள். கம்ப்யூட்டரில் ஓர் அளவு கூட்டி, பிரிண்ட் போட்டு, மை காயும்வரை காத்திருந்து, ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, கிழித்துப் போட்டு, மறுபடியும். பத்தொன்பது தாள் குப்பைக்குப் போனது. இவள் ஒரே வார்த்தையில் மாத்து என்கிறாள்.

மார்ச் 4, புதன்

பல் தேய்க்கும்போதுகூட மனதுக்குள் அவளோடு சண்டை.

மார்ச் 7, சனி

கண்காட்சிக் கூடத்து மேலாளர் வந்தார். பன்னிரண்டு படங்களும் இதே பழுப்பில் வேண்டுமாம், அப்பா படம்தான் வாசலிலாம். “இதுல உயிர் இருக்கு சார்,” என்றார். கேட்டுக்கொள் அக்கா, விஷயம் தெரிந்தவர் சொல்கிறார்.

இருபது வருடத்தில் என் முதல் கண்காட்சி. பதினைந்தாம் தேதி திறப்பு. அக்கா மறுபடியும் போன் செய்தாள். அந்தப் படத்தை அப்படியே மாட்டினால் என் மூஞ்சியில் முழிக்க மாட்டாளாம். முழிக்க வேண்டாமே!

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு நேரிலேயே போய்க் கேட்டுவிட்டேன். பிரிண்ட் அலமாரி மேல் குப்புறக் கிடந்தது. “படத்தைப் பத்தி உனக்கு என்னக்கா தெரியும்?” என்று கத்தினேன்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, “அப்பாவைப் பத்தித் தெரியும்,” என்றாள். “ஈரல் போய், கடைசி ரெண்டு மாசம் இந்தக் கலர்லதான்டா கெடந்தாரு. கண்ணு, நகம், எல்லாம். தெனம் சோப்புப் போட்டுத் தேய்ச்சேன், போகல. நீ ஞாயித்துக்கிழமை வந்து கேமராவத் தூக்குன, போயிட்ட.”

கிளம்பி வந்துவிட்டேன். கதவை அறைந்து சாத்தினேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

கேமராவைக் கறுப்பு வெள்ளையில் வைத்தேதான் எடுத்தேன். அதன் திரையிலும் அப்படித்தான் பார்த்தேன். மஞ்சள் காமாலை என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். தெரிந்தும், அதே நிறத்தைத் தேடித் தேடிப் பிடித்து அவளுக்கே அனுப்பியிருக்கிறேன். என்ன மனுஷன்டா நான்?

முதல் நாளே அவள் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொன்னால் கேட்டிருப்பேனா?

மார்ச் 12, வியாழன்

மேலாளரிடம் அப்பா படம் கிடையாது என்றேன். “அழைப்பிதழ்ல அடிச்சாச்சே சார்!” என்று குதித்தார். நானும் குதித்தேன். பதினொன்றுதான், இஷ்டமிருந்தால் மாட்டுங்கள்.

அக்காவுக்கு, பழுப்பே இல்லாமல் வெறும் சாம்பலில் ஒன்று போட்டேன். ஆனால் அவள் வீட்டு பல்பு மஞ்சள். அதன் கீழ் சாம்பலும் மஞ்சளாகத்தான் தெரியும். அதே மாதிரி பல்பு வாங்கி மேசைக்கு மேல் மாட்டி, படத்தில் நீலம் சேர்த்துச் சேர்த்து, ஏழாவது தாளில் சரியாக வந்தது. பகலில் பார்த்தால் படம் நீலம் பாரித்திருக்கிறது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 14, சனி

கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா விளக்கைப் போட்டுப் பார்த்தாள். குப்புறக் கவிழ்க்கவில்லை. “நாளைக்கு எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். ஐந்துக்கு என்றேன்.

மறுபடியும் படத்தைப் பார்த்தாள். “அன்னைக்கு நான் அப்பா கையப் புடிச்சிக்கிட்டுப் பக்கத்துலதான் நின்னேன். வெளிச்சம் மறைக்குது, தள்ளுன்னு நீ சொன்ன.”

கோபமாகச் சொல்லவில்லை.