அக்காவின் தொகுதி அழிந்த கதை

2 மே 1997, வெள்ளி. எசன்.

நித்திரை வரவில்லை. பின்னேரம் லண்டனிலிருந்து அக்கா தொலைபேசியில் சொன்னதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். முப்பத்துமூன்று வயதில் அவள் நேற்றுத்தான் முதன்முதலாக வாக்குப் போட்டிருக்கிறாள்.

"பெயரைக் கேட்டு, பட்டியலிலை கோடு போட்டு, ஒரு பென்சில் தந்தவை," என்றாள்.

"பென்சிலோ? ஆரும் அழிச்சுப்போட்டால்?"

"நானும் அதைத்தான் கேட்டனான். பென்சில் தந்த மனுசி விழுந்து விழுந்து சிரிச்சா."

அக்கா இருந்த பழைய தொகுதி இப்போது இல்லை. ஒரே கட்சி தலைமுறைகளாக வென்ற இடமாம். எல்லைகளை மாற்றி, அதை உடைத்துப் பக்கத்துத் தொகுதிகளோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே நெடுங்காலம் இருந்த எம்பி இம்முறை புதிய தொகுதியில் நின்று தோற்றுப்போனார். வென்றவருக்கு மேடையிலேயே கைகொடுத்துவிட்டு இறங்கிப் போனதை அக்கா டிவியில் பார்த்திருக்கிறாள்.

"பக்கத்திலை துவக்கோடை ஒருத்தரும் நிக்கேல்லையோ?"

"இல்லையடா தம்பி. அவரின்ரை மனுசிதான் நிண்டவ."

ஊரில் சண்டைக்காலத்தில் எங்களை இரண்டு தரம் வீட்டைவிட்டு எழுப்பினார்கள். அந்த நினைவில்தான் அடுத்ததைக் கேட்டேன்.

"தொகுதியை அழிக்கேக்கை உங்களை எழுப்பேல்லையோ?"

"ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான்."

திங்கட்கிழமை எனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின்; நேரம் குறித்து வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. விசாவை நீட்டுவார்களோ தெரியாது. கடிதம் வந்தால் இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருப்பேன்.

"அப்ப நீங்கள் அதே வீட்டிலைதான் இருக்கிறியளோ?" என்று திரும்பவும் கேட்டேன்.

"ஓம்," என்றாள். "அதே வீடுதான்."