பேரனுக்கு வைக்கப்போகும் பேர்

சனிக்கிழமை, புந்தோங்.

பேரனுக்கு நாளைக்கு ஞானஸ்நானம். மத்தியானம் சாப்பிடும்போது மகன் கைப்பேசியைப் பார்த்து வாசித்தான். "விக்டர்னா ஜெயிக்கிறவன்மா. போப்பாண்டவரு, ராஜா, பெரிய எழுத்தாளருன்னு எத்தனை பேரு பாருங்க! நம்ம குடும்பத்துல யாருக்கும் இல்லாத பேருலா. இதையே வெச்சிருவோம்."

தட்டைப் பார்த்தபடியே நல்ல பேருப்பா என்றேன். சாயங்காலமே கோயிலில் பேரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

என் தம்பி பேரும் விக்டர்தான். எஸ்டேட்டுக்குப் பூசை வைக்க வந்த சாமியார் வைத்த பேர். முப்பது வருஷமாகத் தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வெளியே தெரிந்தால் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் அமையாது என்று பயந்து, எனக்குத் தம்பி இருப்பதையே அவர்களிடம் சொல்லவில்லை. மாதம் ஒரு தடவை, கூட்டாளி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன்.

இப்போது சொன்னால் மகன் என் முகத்தில் விழிப்பானா? இனிமேல் சொல்லவும் முடியாது.

அடுத்த தடவை போனதும் தம்பி முதலில் பேரன் பேரைத்தான் கேட்பான். சொன்னால் அவன் முகம் எப்படி மலரும் என்று எனக்குத் தெரியும்.

"என் பேராக்கா? அப்போ உன் மகனுக்கு என்னைத் தெரியுமா?"