தூத்துக்குடிக் காற்றுக்கு ஒரு வில்

நாரணாபுரம்
3-7-2005, ஞாயிறு, காலை 6.10

ஐஸ்வர்யாவுக்கு,

இந்த நிமிஷம் உன் வயலினுக்கு வில் முடிந்தது. குதிரைமுடி நூற்று அறுபத்தைந்து இழை, ஒன்றுகூடக் கோணல் கிடையாது. கூரியரில் அனுப்புகிறேன். 29-ஆம் தேதி வானொலித் தேர்வுக்கு இதை வைத்து வாசி. கடையில் வாங்கின வில்லைத் தூக்கிப் போடு. அதற்கு விளக்குமாத்துக் குச்சியே தேவலை.

போன் பண்ணினால் ரெண்டாவது நிமிஷம் சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

குச்சியை வளைக்க ஸ்பிரிட் விளக்கு ஏற்றணும். பட்டாசு செய்கிற ஆபீஸ்காரர் வீட்டில் நடக்குமா? "ஏலே, ஊரையே கொளுத்தப் போறியா?" என்று அப்பா கத்தினார். ஆமத்தூரில் ரோட்டோரம் ஒரு ஷெட் பிடித்து வளைத்தேன். முடி மட்டும் நம்ம ஆபீஸில் வெடி காயப்போடுகிற மேடையில், சரவெடிக்குப் பக்கத்தில் வெயிலில் காய்ந்தது. பொட்டு ஈரம் இல்லை.

கட்டின புருஷனை இங்கே விட்டுவிட்டு நீ அந்தப் பள்ளிக்கூட வேலைக்குப் போய் எட்டு மாசம். வயலின் படிக்க இங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் வந்து சேர்.

தருண்குமார்

*

தூத்துக்குடி
8-7-2005

அன்புள்ள அத்தான்,

நல்லா இருக்கீகளா? மாமாவுக்கு இருமல் குறைஞ்சுதா?

வில் வந்தது. கைப்பிடிக் கட்டையில் என் கட்டைவிரல் படுகிற இடத்தை லேசாகக் குடைந்திருக்கீக. என் விரல் கோணல் என்பது இன்னும் ஞாபகம் இருக்கு போல. கொஞ்ச நேரம் வாசிக்காமல் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதல் நாள் நாதம் தேன். மூன்றாம் நாள் முடி தொய்ந்துவிட்டது. முடியை இழுத்துப் பிடிக்கிற திருகைக் கடைசி வரை முறுக்கியாச்சு, இனி முறுக்க இடமில்லை. முடி போய்க் குச்சியில் ஒட்டுகிறது. திருப்பி அனுப்புகிறேன், கோபப்படாதீக.

"வந்து சேர்" என்று எழுதத் தெரிகிறது. "நான் வரட்டுமா" என்று இதுவரை ஒரு தடவை கேட்டீகளா?

ஐஸ்வர்யா

*

நாரணாபுரம்
13-7-2005

ஐஸ்வர்யாவுக்கு,

பெட்டியைத் திறந்து ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். முடி விறைப்பாக நிற்கிறது. திருகு பாதி தூரம்கூடப் போகவில்லை. வில்லில் குறையே இல்லை. மதுரைக்காரர்கள் வாங்கிப் போன என் வில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஒன்று, உனக்கு முறுக்கத் தெரியவில்லை. இல்லையென்றால், என்னை வேண்டாம் என்பதை வில் மேல் போட்டுச் சொல்கிறாய். எதுவானாலும் நேரே சொல். மறுபடி அனுப்புகிறேன். இந்தத் தடவையும் திரும்பி வந்தால் அடுப்பில் வைப்பேன். வீட்டில் கேஸ் அடுப்புதான், விறகு எரிக்க ஆமத்தூர் போகணும், அது வேறு விஷயம்.

தருண்குமார்

*

தூத்துக்குடி
18-7-2005

அத்தான்,

முறுக்கத் தெரியாது என்று எழுதின கையைப் பார்க்கணும் போல இருக்கு. ஏழு வயதிலிருந்து முறுக்குகிறேன்.

வில் மறுபடி தொய்ந்தாச்சு. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் அக்கா பார்த்துவிட்டு, "என்னம்மா, நனைஞ்ச கொடித்துணி கணக்கா தொங்குது" என்றார்கள். மூடி போட்ட உப்பு ஜாடியே தண்ணி விடுகிற ஊர் இது. என்னத்தைச் சொல்ல?

உங்க வில் உங்க வீட்டுக்குள்ளதான் நல்லா இருக்கும், உங்களை மாதிரியே. எட்டு மாசத்தில் இந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியிருக்கீகளா? மத்தியானம் வந்து, சாயங்கால பஸ்ஸுக்கு மணி பார்ப்பீக.

தேர்வுக்குக் கடை வில்லே போதும். உங்க வில்லை அனுப்பவில்லை, அடுப்புக்குக் கொடுக்க மனசு வரலை. ஆணியில் தொங்குது. இதுக்கு மேல எனக்கு எழுத ஒண்ணுமில்லை.

ஐஸ்வர்யா

*

நாரணாபுரம்
22-7-2005

ஐஸ்வர்யா,

உன் கடிதத்தைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ராத்திரி சாப்பிடும்போது உப்பை எடுத்தேன். இங்கன அது மணல் மாதிரி கொட்டியது. அப்போதுதான் உன் ஜாடி மண்டையில் ஏறியது.

மிச்சமிருந்த முடியில் ஒரு கொத்தை அளந்து வெந்நீர் ஆவியில் தொங்கவிட்டேன். நீண்டது. வெயிலில் போட்டேன். சுருங்கியது. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன் இதை முதலிலேயே செய்திருக்கணும். நம்ம வீட்டில் ஈரம் என்றால் எதிரி. வெடிமருந்து நமுத்தால் லோடு போச்சு. அதே புத்தியில் குதிரைமுடியையும் சரவெடி மாதிரி காய வைத்து, சுருங்கின அளவுக்கு வெட்டிக் கட்டியிருக்கிறேன். கடல் காற்று பட்டால் நீளத்தான் செய்யும். உன் கையில் குறையில்லை.

இங்கிருந்தே குட்டையாகக் கட்டி அனுப்பலாமா என்று பார்த்தேன். இந்த வறட்டுக் காற்று இழுக்கிற இழுப்பில் குச்சியின் முனை முறிந்துவிடும். உன் வீட்டுக் காற்றில் வைத்துத்தான் கட்டணும். வேறு வழியில்லை, நல்லவேளை.

அப்பாவிடம் சொன்னேன். "எம்புட்டு நாளைக்கு?" என்றார். தெரியாது என்றேன். "ஏலே, தீபாவளி ஆர்டரை யாரு பாக்க?" "போர்மேன் கனகசபாபதி அண்ணாச்சி பார்ப்பாரு, எனக்கு முன்னாடியும் அவருதான பார்த்தாரு?" என்றேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார். அம்மா சாத்தூர் சேவு ரெண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறாள். ரெண்டு நாளில் திரும்புகிறவனுக்குக் கட்டுகிற அளவு இல்லை அது.

இனி செய்யப் போவது:

1. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் ஏறுவேன். முடி, சீப்பு, ஆப்பு, உளி எல்லாம் பையில் இருக்கிறது.

2. முடியை உன் ஜன்னலில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுவேன். வெயில் படாமல்.

3. பழைய முடியை அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவேன். தேர்வுக்கு முன் மூன்று நாள் உனக்கு வாசித்துப் பழகக் கிடைக்கும்.

4. ஸ்பிரிட் விளக்கும் கொண்டு வருகிறேன். பின்வாசலில் ஏற்ற விடுவாரா என்று வீட்டு ஓனரிடம் கேட்டு வை. வளைக்க இன்னும் நாலு குச்சி இருக்கிறது, அவசரமில்லை.

5. இதற்கெல்லாம் முன்னாடி, உன் வாசலில் பையை இறக்காமல் நின்று கேட்பேன்: நான் வரட்டுமா?

தருண்