எண்ணிய மரங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

நேற்று எங்கள் ரத்தினக்கல் குழிகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்க அதிகாரி வந்தார். முதலில் நான் இறங்கும் குழியில் மண்சுவர் சரியாமல் முட்டுக்கொடுத்திருந்த மரங்களை எண்ணி எழுதிக்கொண்டார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் அதே மரங்களைப் பிடுங்கி அடுத்த குழியில் நட்டோம். அதையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டார். ஒரே சிரிப்பு.

"மரத்த எப்ப அண்ணே திருப்பி வைப்பீங்க?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"அதான் ரெண்டுக்கும் லைசென்ஸ் வந்துடுச்சே, இன்னும் எதுக்குடா?" என்றார்.

இன்று எங்கள் குழியில் இறங்கியபோது தோளில் மண் உதிர்ந்தது. கொஞ்சம்தான்.

நீங்கள் கண்டக்டராக இருந்தபோது ஊதிய விசிலை உடனே அனுப்புங்கள். கீழிருந்து கத்தினால் மேலே கேட்பதில்லை. தபால் போடுகிறவர் கிளம்பிக்கொண்டிருக்கிறார். அம்மா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

உங்கள் மகன்