தமிழ் ஏறாமல் ஆப் கிளம்பாது

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பிள்ளைகளின் மாமனும் கணினி உலகின் சக்கரவர்த்தியுமான உன் தம்பி மலை போல நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் இன்னும் குறட்டையால் கூரையைப் பிரிக்கிறாரா?

இங்கே சின்னதாக ஒரு போர். பயப்படாதே, ரத்தமில்லை. நாங்கள் செய்யும் மருந்து நினைவூட்டும் ஆப்பில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு ஃபைல் உண்டு. தமிழில் ஒரு வரி விட்டுப்போனால் அந்த இடத்தில் சத்தமில்லாமல் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'சாப்பாட்டுக்கு முன்' என்பதே அப்படிப் போயிருந்தது. நம் அப்பா அதைப் பார்த்தால் மாத்திரையை எப்போது விழுங்குவார்? அதனால், ஒரு வரி குறைந்தாலும் ஆப் தயாராகாமல் நிற்கும்படி செய்துவிட்டேன். நின்றது. மற்ற மொழிகளெல்லாம் கிளம்ப முடியாமல் என்னைச் சபித்தன.

மேனேஜர் பறந்து வந்தார். அவரும் நம் பாஷைக்காரர்தான்.

"யோவ், தமிழ மட்டும் தூக்கிடு. மத்ததெல்லாம் இன்னிக்கே போகட்டும்."

"அப்ப என்னையும் சேத்துத் தூக்கிடுங்க சார்."

காபி மெஷினைக்கூட அணைத்துவிட்டு ஆபீஸே எட்டிப் பார்த்தது.

"திங்கக்கிழமைக்குள்ள முடிக்கல, ரெண்டு பேரையும் தூக்கிடுவேன்" என்று போய்விட்டார். போகட்டும். நான் அசைவதாக இல்லை.

விட்டுப்போன வரிகளை எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அப்பாவிடம் படித்துக் காட்டு. அவருக்குப் புரியாததை மாற்றிவிடுகிறேன். பதில் எழுதாதே, போன் செய். ஞாயிறு முழுக்க ஆபீஸில் நான் மட்டும்தான். அப்பா ஒவ்வொன்றையும் நிதானமாகவே சொல்லட்டும். அவசரமெல்லாம் மேனேஜருக்குத்தான்.

அடங்காத,
உன் தம்பி