கட்டளைக்கு உயராத கை

என் அன்பு அந்தோணி அண்ணா,

நீ பார்க்காமல் போன சுதந்திரம் வந்து ஓராண்டு ஆகப்போகிறது. எங்கள் தையல் ஆலை வாசலில் இப்போது நம் கொடி பறக்கிறது. முதல் நாள் அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

போன மாதம் புது மேனேஜர் ஓர் உத்தரவு போட்டார். தினமும் காலையில் எல்லோரும் கொடிக்குச் சல்யூட் அடிக்க வேண்டும். மறுத்தால் வேலை இல்லை. மறுநாள் எல்லோரும் கையை உயர்த்தினோம். என் பக்கத்து மிஷினில் தைக்கும் ஸ்டெல்லா மட்டும் உயர்த்தவில்லை. பர்மா சண்டையில் கணவனைப் பறிகொடுத்தவள் அவள்.

"ஏம்மா, உனக்கு தேசபக்தி இல்லியா?" என்று மேனேஜர் கத்தினார்.

"இந்தக் கொடி மேல கோவம் இல்ல சார். அந்த வெள்ளக்காரன் கொடிக்கு சலாம் வெச்சுட்டுத்தான் எம் புருசன் கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல ரயிலேறினாரு. அவரு திரும்பல, செத்துட்டாருன்னு தந்திதான் வந்துச்சு. இனி எந்தக் கொடிக்கும் என் கை எழாது."

"அப்ப வீட்டுக்குப் போ."

இரண்டு பிள்ளைகளை வைத்திருப்பவள், அண்ணா. நான் முன்னால் போய் நின்றேன்.

"சார், வெள்ளக்கார ராஜா பிறந்தநாள்ல அவன் கொடிக்குக் கை தூக்காததாலதான் எங்கண்ணனுக்கு வேலை போச்சு. அப்புறம் ஜெயிலு, அங்க வந்த காய்ச்சல்லயே செத்தாரு. நீங்களும் அதே தண்டனைதான் குடுப்பீங்களா?"

"அது அவன் கொடி. இது நம்மளுது."

"நம்மளுதுன்னா மிரட்டுறது எதுக்கு சார்?"

என்னையும் வெளியே அனுப்பினார்கள். அன்று யாரும் எங்களுக்காகப் பேசவில்லை. ஆஸ்டின் டவுனில் இருக்கும் எங்கள் வீடுகளுக்கு இருவரும் நடந்தோம். உன் பெயரைச் சொல்லி வேலையை இழந்தது தவறா? நீ இருந்திருந்தால் ஸ்டெல்லாவைக் கை தூக்கச் சொல்லியிருப்பாயா?

மூன்றாம் நாள் பட்டன் தைக்கும் கெம்பம்மா சல்யூட் அடிக்க மறுத்தாளாம். "அவுங்க ரெண்டு பேரும் வரட்டும். அப்புறம் இஷ்டம் இருக்கிறவங்க தூக்குறோம்" என்றாளாம். மற்றப் பெண்களும் அவளோடு நின்றுவிட்டார்கள். மதியத்துக்குள் எங்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட ஆள் வந்தது. உத்தரவும் கிழிபட்டது.

இன்று காலை மனம் நிறைய நான் சல்யூட் அடித்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் சும்மா நின்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அண்ணா. நம் ஆட்களே ஆண்டாலும், பயமுறுத்திப் பணியவைத்தால் அதைத் தப்பென்று சொல்ல முதல் ஆளாக எழுந்து நிற்பேன்.

உன்னோடு பிறந்தவள் என்ற பெருமையுடன்,
தங்கை லூர்து